நாய்முடி எடுக்க ஒரு நல்ல பிரஷ்

முடியைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்க வரக்கூடாது. கடைத்தெரு முனையில் சலூன் வைத்திருப்பவன் நான். சுருட்டை, கோரை, நடுவில் மைதானமும் சுற்றிலும் வேலியுமாக நிற்பது என்று எல்லாத் தலையும் என் கைக்கு வந்து போயிருக்கின்றன. கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்து இது இன்னார் தலை என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் வீட்டுக் கேக்கில் முடி கிடந்தது என்று போன் வந்தால் எனக்கு எப்படி இருக்கும்? பற்றிக்கொண்டு வந்தது.

போன் பண்ணியது காபிக் கடைக்கார அம்மா. என் மனைவி வீட்டிலேயே கேக் செய்கிறாள். அந்த அம்மாவின் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்திருப்பதெல்லாம் இவள் கைவேலைதான். வேறு வாடிக்கை கிடையாது. அந்த அம்மா கத்தவில்லையாம். சாந்தமாகச் சொன்னாராம், சனிக்கிழமை நானே வந்து உங்கள் சமையலறையைப் பார்க்கிறேன், இன்னொரு முடி கண்ணில் பட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று. சாந்தமாகச் சொல்பவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள்.

மனைவி போனை வைத்துவிட்டுக் கிண்ணம் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கிண்ணம். அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது.

நான் கூடத்துக்குப் போய் சோபாவைப் பார்த்தேன். அங்கே கம்பளி தூங்கிக்கொண்டிருந்தது. கம்பளி எங்கள் நாய். சந்தன நிறம், உடம்பு முழுக்க முடி. எது தலை, எது வால் என்று பிஸ்கட்டை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

"எல்லாம் இந்தச் சனியனாலதான்!" என்று கத்தினேன். கம்பளி ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்தது. அது வால்.

"அது சமையல் ரூமுக்குள்ள வர்றதே இல்லீங்க," என்றாள் மனைவி. "வாசப்படியில தடுப்பு போட்டிருக்கே, தெரியல?"

"தடுப்பு நாய்க்கு. முடிக்கு என்ன, காலா இருக்கு, தடுக்கி விழ? காத்துல பறந்து வரும்."

"முதல்ல அந்த முடியப் பாருங்க. அந்தம்மா போட்டோ அனுப்பியிருக்காங்க."

"பாக்க என்ன இருக்கு? இந்த வீட்டுல முடி கொட்டுற ஜீவன் ஒண்ணே ஒண்ணுதான்."

போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். நான் கையைத் தள்ளிவிட்டேன். அவள் என்னை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். என் வாதத்தில் அசந்து போய்விட்டாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன்.

"நாயை உன் தம்பி வீட்டுக்கு அனுப்பிடு," என்றேன்.

"அனுப்ப மாட்டேன்."

"அப்ப உன் கேக்கு?"

"ஒரு நல்ல பிரஷ்ஷா வாங்குவோம். இந்த ஒட்டுத்தாள் உருளை வேணாம். கிழிச்சுக் கிழிச்சு எறியறதுக்குள்ள சுருள் தீந்து போவுது. கழுவி, துடைச்சு, திரும்பத் திரும்ப எடுத்துக்கிற மாதிரி ஒண்ணு வேணும். எனக்கு தினமும் சாயங்காலம் வேணும்."

"சாயங்காலம் எதுக்கு?"

"அப்பதான் நேரம்."

பெண்களுக்கு வேலைக்கென்று ஒரு நேரம் இருக்கும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை அந்த அம்மா வரும்போது ஒரு முடி, ஒரே ஒரு முடி கண்ணில் பட்டாலும் கம்பளி அன்றைக்கே மூட்டை முடிச்சைக் கட்ட வேண்டியதுதான். எனக்கும் உள்ளுக்குள் ஒரு மாதிரிதான் இருந்தது. நான் கடையிலிருந்து வந்ததும் என் காலடியில் வந்து விழுகிற ஒரே பிராணி அது. ஆனால் சொன்ன சொல்லை வாபஸ் வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மறுநாள் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. வீட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறான். எதிரே ஒருவர் நின்றாலும் ஒரு கூட்டமே நிற்கிற மாதிரிதான் பேசுவான். பெரிய பை நிறையக் கருவிகளைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினான்.

"எல்லாமே ஒரு தடவை வாங்கினா காலத்துக்கும் உழைக்கும் மாமா! தூக்கி எறியற பேச்சே இல்ல! எது வேணுமோ எடுத்துக்குங்க, யோசிக்காதீங்க, அப்புறம் கிடைக்காது!"

"டேய், இங்க இருக்கிறது நானும் உங்கக்காவும்தான். மெதுவாப் பேசு."

முதலில் இரும்பு விளிம்பு வைத்த சுரண்டியை எடுத்தான். கம்பள விரிப்புக்கு இதை விட்டால் ஆளே இல்லை என்றான். ஒரு இழு இழுத்தான். சுருட்டிக்கொண்டு முடி வந்தது. "பாத்தீங்களா!" என்றான். இன்னொரு இழு. இன்னும் நிறைய வந்தது. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, ஒரு நாயிடம் இவ்வளவு சரக்கா என்று. நான் வாங்கி நாலு இழு இழுத்தேன். பந்து பந்தாக வந்தது. பச்சை நிறத்தில் வந்தது. அப்போதுதான் யோசித்தோம், கம்பளி பச்சை இல்லையே என்று. விரிப்பின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை விழுந்திருந்தது.

"தொழில் புத்தி போகுமா? விரிப்புக்கும் முடி வெட்டியாச்சு," என்றாள் மனைவி.

அடுத்தது பசை உருளை. தாள் கிடையாது, உருளையே பிசுபிசுவென்று இருக்கும். ஓட்டி முடித்ததும் தண்ணீரில் கழுவிக் காய வைத்தால் பசை திரும்ப வந்துவிடும். நல்ல சாமான்தான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மச்சான் அதைச் சோபாவில் ஓட்டிக் காட்டாமல், "தோலுக்குக்கூட ஒண்ணும் ஆகாது மாமா," என்று சொல்லி என் முன்கையில் ஓட்டினான். என் கை முடியோடு கிளம்பியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

மூன்றாவது ஒரு டப்பா. அடியில் சிவப்புத் துணிப் பட்டை. முன்னும் பின்னும் தள்ளினால் முடியெல்லாம் தானாக உள்ளே போய்ச் சேர்ந்துவிடும், மூடியைத் திறந்து கொட்டினால் முடிந்தது. சோபாவில் அருமையாக வேலை செய்தது. ஆனால் தள்ளும்போது கடகடவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் கம்பளி கட்டிலுக்கு அடியில் போனது போனதுதான். பிஸ்கட்டுக்கும் வரவில்லை.

"இது தொங்குற துணியில போகுமா?" என்று கேட்டாள் மனைவி.

"போகாதுக்கா. விறைப்பா இருக்கணும், சோபா மாதிரி, மெத்தை மாதிரி."

"சட்டையில? பேன்ட்டுல? காலர்ல?"

"நாய்க்கு எதுக்குக்கா காலரு?"

"நாய் முடி துணியில ஒட்டாதா? கேட்டதுக்குப் பதில் சொல்றா."

கடைசியில் ஒரு தட்டைப் பிரஷ். முள்ளே கிடையாது, வெல்வெட் மாதிரி துணி ஒட்டியிருந்தது. ஒரு பக்கமாகத் தேய்த்தால் முடியை வாரிக்கொள்ளும். பிறகு அதன் உறைக்குள் செருகி உருவினால் முடியெல்லாம் உறையிலேயே தங்கிவிடும், பிரஷ் புதுசாக வெளியே வரும். கழுவக்கூட வேண்டாம். மச்சான் அவசரத்தில் திசை மாற்றித் தேய்த்தான். எடுத்த முடியெல்லாம் திரும்பச் சோபாவுக்கே போய்ச் சேர்ந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் மனைவி அதைக் கையில் வாங்கி, தன் சேலை முந்தானையில் சரியான பக்கமாக ஒரு தேய் தேய்த்துப் பார்த்தாள். பிறகு ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"டப்பாதான் நல்லா இருக்குன்னு நான் சொல்றேன்," என்றேன்.

"நீங்க சொல்லுங்க," என்றாள்.

அன்று முழுக்க நான் யோசித்தேன். பிரஷ்ஷாவது டப்பாவாவது! வியாதி ஒரு இடத்தில், வைத்தியம் இன்னொரு இடத்திலா? முடியே இல்லாவிட்டால் உதிர்வதற்கு என்ன இருக்கிறது? இது ஏன் இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை என்று என்மேலேயே கோபம் வந்தது. மறுநாள் கடையிலிருந்து முடி வெட்டும் மிஷினைக் கொண்டுவந்தேன். மனைவி கடைக்குச் சாமான் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, கம்பளியைக் கொல்லைப்புறத்தில் ஸ்டூலில் ஏற்றி, கழுத்தில் துண்டைக் கட்டினேன்.

என் கையைப் பற்றி நானே பெருமை பேசக்கூடாது. ஆனால் அந்த நாய்க்கு நான் போட்டது மாதிரி ஒரு கட்டிங் இந்தத் தெருவில் எந்த மாப்பிள்ளைக்கும் போட்டதில்லை. பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, முதுகில் கொஞ்சம் விட்டு, முன்நெற்றியில் ஒரு சின்னக் கொத்து. அதற்குக் கண் இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதில் வழியாகப் பார்த்துவிட்டு, "புது நாயா?" என்று கேட்டார்.

கம்பளி இறங்கி, உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, நேராகப் போய்ச் சோபாவில் உருண்டது. அங்கேதான் விஷயம் கெட்டது. நீள முடியாவது பரவாயில்லை, கையாலேயே வாரி எடுத்துவிடலாம். இது பொடிப்பொடியாக ஊசி மாதிரி சோபாத் துணிக்குள் போய்க் குத்திக்கொண்டு நின்றது. அன்று சாயங்காலம் நான் சோபாவில் உட்கார்ந்தேன், உடனே எழுந்தேன். டப்பாவை ஓட்டினேன், வரவில்லை. பசை உருளையை ஓட்டினேன், பாதி வந்தது. மிச்சம் என் லுங்கியில் வந்தது.

மனைவி வந்து பார்த்தாள். கம்பளியைப் பார்த்தாள், சோபாவைப் பார்த்தாள், சொறிந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்தாள்.

"பொடி முடி எப்படி ஒட்டும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "நீங்க போய் இதச் செய்யலாமா?"

எனக்குத் தெரியாதா என்ன! ஆனாலும் தோற்றுப்போன மாதிரி காட்டிக்கொள்ள முடியுமா? "எல்லாம் சனிக்கிழமைக்குள்ள சரியாயிடும்," என்றேன். அவள் ஏப்ரன் பையிலிருந்து பிரஷ்ஷை எடுத்து, சோபாவை மூலை மூலையாகத் தேய்த்தாள். தேய்த்து, உறையில் செருகி, உருவி, மறுபடி தேய்த்து. நான் கூடவே நின்று, "இந்தப் பக்கம் இன்னும் இருக்கு," என்று சொல்லி என்னால் ஆன உதவியைச் செய்தேன்.

சனிக்கிழமை வந்தது. கடையில் நல்ல கூட்டம். ஆனாலும் மத்தியானத்துக்கு மேல் கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். பேசுவதற்கு வீட்டில் ஒரு ஆண்பிள்ளை வேண்டாமா? நான் வரும்போது காபிக் கடை அம்மா ஏற்கனவே சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். மச்சானும் கம்பளியை அழைத்துப்போகத் தயாராக, கையில் கயிற்றோடு ஒரு மூலையில் நின்றான். கம்பளி தடுப்புக்கு அந்தப் பக்கம், புதுக் கட்டிங்கோடு, பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

அந்த அம்மா மேடையைத் தடவிப் பார்த்தார். அலமாரியைத் திறந்து பார்த்தார். குனிந்து அடுப்புக்கு அடியில்கூடப் பார்த்தார். ஒரு தூசி இல்லை. மனைவியின் முகத்தில் இப்போதுதான் லேசாக ரத்தம் ஓட ஆரம்பித்தது.

"சுத்தமாத்தான் இருக்கு," என்றார் அம்மா. "அப்புறம் எப்படி வந்துச்சு அது?"

"வாங்க மேடம், வாங்க!" என்று நான் உள்ளே பாய்ந்தேன். "கேக்கப் பாத்தீங்களா? இந்தக் கிரீம்ல கைய வச்சுப் பாருங்க, பஞ்சு! வாசனைய மட்டும் பாருங்க!" என்று மேடைமேல் இருந்த வெள்ளைக் கேக்கின்மேல் குனிந்து, மூச்சை இழுத்துக் காட்டினேன்.

"என்னங்க, அங்கயே நில்லுங்க..." என்றாள் மனைவி.

நிமிர்ந்தேன். வெள்ளைக் கிரீமின் நட்டநடுவில் ஒரு முடி.

அந்த அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மச்சான் கயிற்றைப் பிரித்தான். தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கம்பளி என்னைப் பார்த்தது. இப்போது அதற்குக் கண் வேறு இருக்கிறது. நாயும் போயிற்று, கேக்கும் போயிற்று. என்னால் தாங்க முடியவில்லை. கிரீமிலிருந்து அந்த முடியைப் பிடுங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

பிடித்ததும் என் மனசு குளிர்ந்து போயிற்று.

"மேடம், ஒரு நிமிஷம்! போகாதீங்க! இது நாய் முடியே இல்ல!"

"என்ன சொல்றீங்க?"

"முடியப் பத்தி என்கிட்ட கேளுங்க மேடம். இங்க பாருங்க, இந்த முனையும் வெட்டு, அந்த முனையும் வெட்டு. பாதி கறுப்பு, பாதி வெள்ளை. டை அடிச்சு ஒரு மாசம் ஆச்சு. எந்த ஊர்ல மேடம் நாய் டை அடிக்குது? இது மனுஷ முடி!" கம்பளியைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் எனக்குக் குரல் ஏறிக்கொண்டே போனது. "அதுலயும் இது பின்கழுத்து முடி. இந்த வளைவு இருக்கே, இது லட்சத்துல ஒருத்தருக்குத்தான் வரும். நம்ம பேங்க் மேனேஜர்! சத்தியமாச் சொல்றேன், மேனேஜர் முடிதான் இது! இப்ப ஒரு மணி நேரம் முன்னாடி என் கையால வெட்டினது, எனக்குத் தெரியாதா?"

"பேங்க் மேனேஜர் இங்க வந்தாரா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"அவர் எதுக்கு மேடம் இங்க வர்றார்? அவர் கடையிலேர்ந்து நேரா வீட்டுக்குப் போயிட்டார். நான்தான் இங்க..."



"மாமா," என்றான் மச்சான், வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவான குரலில். "உங்க காலரக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். காலர் மடிப்பில் மேனேஜர் மட்டுமா இருந்தார்? காலையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த அத்தனை பேரும் இருந்தார்கள். சட்டைப் பையில் பழக்கடைக்காரர் ஒரு கொத்து. கைமடிப்பில் டிரைவிங் ஸ்கூல்காரர். பேன்ட் மடிப்பில் இருந்தவர்களைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காபிக் கடை அம்மா மெல்ல உட்கார்ந்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு பொத்த முடியவில்லை. கண்ணீர் வழிய வழியச் சிரித்துவிட்டு என் மனைவியிடம் கேட்டார், "நாய் இருக்கட்டும்மா. இவரை என்ன பண்றது?"

"எனக்கு விட்டுருங்க மேடம்," என்றாள் மனைவி. "இனிமே இவரைத் துடைக்காம உள்ள விடமாட்டேன். மூடி வச்ச கேக்கு பிரிட்ஜுக்குள்ள இருக்கு, அதச் சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அந்த அம்மா சாப்பிட்டார். இன்னொரு துண்டு கேட்டார். வாசற்படி தாண்டும் முன் என்னைத் துடைத்தே ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, அடுத்த வாரத்துக்கும் கேக் சொல்லிவிட்டுப் போனார். மச்சான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, கடைக்குப் போனதும் எல்லோரிடமும் சொல்ல வேண்டுமே என்ற அவசரத்தில் பறந்தான்.

மனைவி என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய் நிறுத்தினாள். ஏப்ரன் பையிலிருந்து வெல்வெட் பிரஷ் வெளியே வந்தது. அவள் எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும் என்று யோசிக்கக்கூட இல்லை. தோள், கை, முதுகு என்று மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன்.

"போட்டோவப் பாத்த அன்னிக்கே தெரியும். கம்பளி முடி அவ்வளவு கறுப்பாவா இருக்கும்?"

"அப்புறம் ஏன்டி சொல்லல? நாயை அனுப்புன்னு நான் குதிச்சேனே!"

"உங்ககிட்டயா? நேராச் சொல்லியிருந்தா என் தொழிலையே கேவலப்படுத்திட்டேன்னு வீட்ட ரெண்டாக்கியிருக்க மாட்டீங்க?" உறையில் செருகி உருவினாள். மறுபடி தேய்த்தாள். "அதுவும் நாள் பூரா கால் கடுக்க நின்னுட்டு வர்றீங்க. வந்த மனுஷனப் பாத்து, உள்ள வராத, வாசல்லயே நில்லுன்னு எப்படிச் சொல்றது? எனக்கு வாய் வரல. நல்ல பிரஷ் ஒண்ணு கையில இருந்தா, சாயங்காலம் வந்ததும் நாய் முடி ஒட்டியிருக்குன்னு சொல்லித் துடைச்சுவிட்டுடலாம்னு இருந்தேன். இன்னிக்கு நீங்க மத்தியானமே வந்து குதிச்சுட்டீங்க."

தெருவில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் தலை வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

"தலையக் குனிங்க," என்றாள்.

குனிந்தேன். காலரை விலக்கி, பின்கழுத்தைப் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டினாள். பிறகு வாயைக் குவித்து ஊதினாள். எத்தனை பேர் கழுத்தை நான் தட்டிவிட்டிருக்கிறேன்! ஒவ்வொருத்தரும் கண்ணைச் சொருகிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தட்டு, இன்னும் கொஞ்சம் தட்டு என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும், அடுத்த ஆள் காத்துக்கொண்டிருக்கிறானே என்று. என் கழுத்தை இன்றுவரை ஒருத்தரும் தட்டிவிட்டதில்லை.

"ஆச்சு, உள்ள போங்க," என்றாள் மனைவி.

நான் நிமிரவில்லை.

"அந்தக் காதுப் பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு பாரு," என்றேன்.